ஐந்தாவது வரி

வீட்டுச் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் உங்களில் இன்னும் சிலர் இருப்பீர்கள். எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவில் வளர்ந்தவர்கள். அப்பாவும் அம்மாவும் டியூட்டிக்குப் போய்விட, பூட்டிய ஃபிளாட்டுக்குள் ஏசி சத்தத்தோடு மாலை முழுவதும் இருந்த பிள்ளைகள். இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு அந்தச் சாவியின் கனத்தை விளக்க வேண்டியிருக்கும்.

நான் நாள், கிழமை தவறாமல் குறித்து வைக்கிறவள். பன்னிரண்டு வயதிலிருந்து டைரிகள் இருக்கின்றன. ஆனால் இது நடந்தபோது எனக்கு ஒன்பது. அதனால் தேதியைப் பின்னோக்கி எண்ணித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 1979இல் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் பதினைந்து. பெரிய வெள்ளி பதின்மூன்று. அப்பா என்னை எழுதச் சொன்னது அதற்கு நான்கு வெள்ளிக்கு முன்பு. அப்படியானால் மார்ச் பதினாறு. அன்று புழுதிக்காற்று அடித்தது. ஜன்னல் இடுக்கில் ஈரத் துணி செருகியிருந்தோம். அதுவரைக்கும் உறுதியாகச் சொல்ல முடியும்.

நாங்கள் அபுதாபியில் இருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா ருவைஸில் ஃபிட்டர். ருவைஸ் அப்போது ஊர் ஆகவில்லை. மணலும் கேம்பும், எழும்பிக்கொண்டிருந்த ஆலையும்தான். வியாழன் மாலை கம்பெனி பஸ்ஸில் வருவார். வெள்ளி மாலை திரும்பிப் போய்விடுவார். மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் நானே கதவைத் திறந்து, உள்ளே போய், நானே பூட்டிக்கொள்வேன். சாவியும், மாதா படம் தைத்த துணி உத்தரியமும் ஒரே கயிற்றில் தொங்கும். குனிந்து எழுதும்போது இரண்டும் நோட்டின்மேல் விழும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் ஒரு பால்பவுடர் டின் இருக்கும். அது நிறைய எத்தனை சொட்டு என்று எண்ணுவேன். பேச ஆள் இல்லாத பிள்ளை எண்ணப் பழகிவிடும் என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளியன்று வந்தது. விடுமுறை அன்றுதான், ஆகவே பூசையும் அன்றுதான். தவக்காலத்தில் அதே வெள்ளி ஒருசந்தி நாளும் ஆகிவிடும். அப்பா வீட்டில் இருக்கும் ஒரே நாளில் கறி சமைக்க முடியாது. எதிர் ஃபிளாட்டிலிருந்து பிரியாணி வாசனை வரும். "ஆண்டவரு சோதிக்கிற எடத்தப் பாத்தியா" என்பார் அப்பா, மீனை வறுத்துக்கொண்டே.

பூசை முடிந்ததும் எங்களில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சாமியார் ஞானோபதேசம் நடத்துவார். அந்த வருடம் எங்களுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. சாமியார் வெள்ளைக்காரர், வயதானவர். ஆங்கிலமும் அரபும் பேசுவார், தமிழ் தெரியாது. என் கையெழுத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் நல்லது எது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தது அவர்தான்: தெரிந்தே ஒரு பாவத்தை மறைத்தால் மற்றப் பாவங்களுக்கும் மன்னிப்புக் கிடையாது; மன்னிப்புப் பெறாதவர் நன்மை வாங்கவும் கூடாது. அதை நான் நோட்டில் எழுதி, அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

வழக்கமாகத் தவக்காலத்தில் ஊரிலிருந்து ஒரு தமிழ்ச் சாமியார் வந்து போவார். அந்த வருடம் வரவில்லை. வருடத்துக்கு ஒரு முறையாவது, உயிர்ப்புத் திருநாளான பாஸ்குக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது அப்பாவுக்கு உயிர். அவருக்கு ஆங்கிலம் வராது. இந்தி வரும், ஆனால், "இந்தியில பாவத்தச் சொன்னா போர்மேன்கிட்ட லீவு கேக்குத மாதிரி இருக்கும்" என்றார். தமிழர்களும் மலையாளிகளும் அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்த யாரையாவது கொண்டு பாவங்களைத் தாளில் எழுதி வாங்கி, சாமியாரிடம் நீட்டுவது. அவர் படித்து, மன்னிப்பு மந்திரம் சொல்லி, தாளைத் திருப்பித் தருவார். வெளியே வந்து கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

அம்மாவுக்கு நல்ல ஆங்கிலம் தெரியும். ஏன் அம்மாவிடம் கேட்கவில்லை என்றேன்.

"பொண்டாட்டிகிட்டப் பாவத்த எழுதக் குடுத்தா அது பாவசங்கீர்த்தனம் இல்ல மக்கா, பஞ்சாயத்து. நீ சின்னப் பிள்ள. எழுதிட்டு மறந்துருவ."

அப்பா என்னைப் பற்றி நினைத்ததில் அது ஒன்றுதான் முழுத் தவறு.

அன்று காலை அம்மா டியூட்டியில் இருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட தாளோடு உட்கார்ந்தேன். அப்பா நின்றுகொண்டே சொன்னார்.

"ஒண்ணு. கேம்ப்ல இருந்தப்ப மூணு வெள்ளிக்கெழம பூச காணல. ஓவர்டைம்."

"ஓவர்டைம்னும் எழுதணுமாப்பா?"

"எழுது. சோம்பேறின்னு நெனச்சிரக் கூடாதுல்லா. ரெண்டு. கெட்ட வார்த்த பேசுனேன்."

"எத்தன தடவ?"

அப்பா விரல் மடக்கத் தொடங்கி, பாதியில் விட்டார். "நெறையன்னு போடு."

"என்ன வார்த்தப்பா?"

"அத எழுதுனா உனக்குல்லா பாவம். மூணு. ரெண்டு தடவ குடிச்சேன். நாலு. ஒங்கம்மைய வைஞ்சேன்."

"அது எனக்கே தெரியும்."

"அப்ப எழுதச் சுளுவு."

சிரித்தோம். பிறகு அவர் கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தார். திறக்கவில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மனப்பாடம் செய்ததைப் போல ஒரே மூச்சில் சொன்னார்:

"அஞ்சு. எந்தம்பி அனுப்புன சர்டிபிகேட்டக் கம்பெனில குடுக்கவே இல்ல. குடுத்தேன், ஆள் வேண்டாம்னுட்டாங்கன்னு பொய் சொன்னேன். திருப்பியும் அனுப்பல. ரெண்டு வருசமாச்சு. அவன் படிச்சவன். இங்க வந்தா எனக்கு மேல போயிருவான்னு நெனச்சேன்."

சித்தப்பா ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவர். எங்கள் கடற்கரை ஊரில் அதைப் படித்த முதல் ஆள். ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குள் நடப்பார். வெல்டிங் முகமூடியிலிருந்து கழற்றிய கரும்பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்றை எனக்குத் தந்திருந்தார். அதன் வழியாகப் பார்த்தால் நடுப்பகல் சூரியன்கூடக் கண்ணைக் கூசாமல், பச்சைக் காசு போலத் தெரியும். அதை என் பள்ளிப் பெட்டியில் வைத்திருந்தேன். பிறகு ஒரு வீடு மாற்றலில் தொலைந்தது. டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்த பழுப்புக் கவரையும் எனக்குத் தெரியும். அதில் சித்தப்பாவின் புகைப்படம் ஒட்டிய சர்டிபிகேட் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அசல். அது கையில் இல்லாமல் சித்தப்பா வேறு எங்கும் வேலைக்கு மனுப் போட முடியாது என்பதை மட்டும் அப்போது அறியவில்லை.

நான் எழுதவில்லை.

ஏன் என்று இத்தனை வருடங்களில் பல பதில்கள் வைத்துப் பார்த்துவிட்டேன். சாமியாருக்கு என் கையெழுத்துத் தெரியும். ஆகவே தாள் யாருடையது என்றும் தெரியும். அது ஒரு காரணம். இன்னொன்று, அப்பாவின் பாவத்தை எழுதும்போது 'நான்' என்றுதான் எழுத வேண்டியிருந்தது. நான் குடித்தேன் என்று எழுதியபோது சிரிப்பு வந்தது. நான் என் தம்பியை ஏமாற்றினேன் என்று என் கையால் எழுத வரவில்லை. பென்சிலை நகர்த்திக்கொண்டே இருந்தேன், நாலாவது வரியின் எழுத்துகளை மறுபடியும் அழுத்தியபடி. முதலிலேயே வரிகளுக்கு எண் போடாமல் விட்டது நல்லதாயிற்று என்று நினைத்தது நினைவிருக்கிறது. அப்பாவுக்கு ஆங்கிலம்தான் தெரியாது, எண் தெரியும்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓர் ஓரத்து அறை. முழங்கால் போட ஒரு பலகை, அதன்மேல் துளையிட்ட மரத்தட்டி. அப்பா கதவருகே நின்று தாளை விரித்தார். ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே மெதுவாக வந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தாளோடு உள்ளே போனார்.

வெளியே வந்தவர் வேறு மனிதராக இருந்தார். காற்று அடங்கியிருந்த கடற்கரைச் சாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஊர்க் கோயிலில் பாடும் பாட்டை முணுமுணுத்தார். காந்த மூடி போட்ட பென்சில் டப்பா ஒன்று வாங்கித் தந்தார். "எறக்கி வச்சாச்சு மக்கா" என்று தன் தோளைத் தட்டிக் காட்டினார். தாளைக் கிழிக்காமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைக் கவனித்தேன், கேட்கத் துணியவில்லை. மாலையில் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் என் வாழ்க்கையில் மிக நீளமானது. நோட்டில் அடிக்கோடிட்டிருந்த வரியை எடுத்து எடுத்துப் படித்தேன். மறைத்தால் மற்றவற்றுக்கும் மன்னிப்பு இல்லை. மறைத்தது நான், மன்னிப்பு இல்லாமல் போனது அப்பாவுக்கு. அவரோ ருவைஸில் உயரமான சாரங்களில் ஏறி வேலை செய்கிறவர். விழுந்தால் நேரே நரகம்; அதுவும் தான் சுத்தமாக இருப்பதாக நம்பிக்கொண்டே. பள்ளி விட்டு வந்து, சாவியைத் திருப்பி, ஜன்னல் பக்கம் முழங்கால் போட்டு, அவருக்குப் பதிலாக, பாவத்துக்கு வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்வேன். 'என் பாவங்களால்' என்ற இடத்தில் 'அப்பா பாவங்களால்' என்று மாற்றிச் சொன்னேன். அது செல்லுமா என்று கேட்க யாரும் இல்லை. பச்சைக் கண்ணாடி வழியே சூரியனைப் பார்ப்பேன். டின்னில் தண்ணீர் சொட்டும். அம்மா வந்து, "என்னட்டி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுவாள். நர்ஸ் அம்மா அப்படித்தான்.

மார்ச் முப்பது, எங்கள் முதல் பாவசங்கீர்த்தனம். பொய், சீனி திருடியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னேன், அப்பா சொன்னதில் ஒன்றை எழுதவில்லை என்று. "அது என்னவென்று என்னிடம் சொல்லாதே, குழந்தாய்" என்றார் சாமியார். "அது உன்னுடையது அல்ல. ஆனால் எழுதவில்லை என்பதை உன் அப்பாவிடம் சொல். அதுதான் உனக்கு அபராதம்." மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று அருள்நிறை மந்திரம்தான் அபராதம். அவர்கள் வெளியே வந்து, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு விளையாடப் போனார்கள். அந்தச் சாமியார் நல்லவர். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை எவ்வளவு தூக்கும் என்று அவருக்கு அளவு தெரியவில்லை என்றுதான் இந்த வயதில் நினைக்கிறேன்.

அந்த வெள்ளி சொல்லவில்லை. அடுத்த வெள்ளியும் சொல்லவில்லை. இரண்டு முறையும் வாயைத் திறந்து, பென்சில் சீவித் தரச் சொன்னேன்.

பெரிய வெள்ளியன்று அம்மாவுக்கு டியூட்டி. வழிபாடு முடிந்து வந்து, அப்பா கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். மணிக்குப் பதில் கோயிலில் மரக்கட்டையைத் தட்டிய சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது. அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, நான் அஞ்சாவத எழுதல."

கரண்டி நிற்கவில்லை. "தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நாலு வரிதான இருந்துச்சு. எண்ணிப் பாத்துட்டுதான் உள்ள போனேன்."

"பொறவு ஏம்பா என்ட்டக் கேக்கல?"

அடுப்பை அணைத்தார். திரும்பி, தரையில் என் எதிரில் உட்கார்ந்தார்.

"நல்லவேள, பிள்ள எழுதல, நாம மறைக்கலல்லான்னு தோணுச்சு. ஒங் கையில ஏத்தி விட்டுட்டு நான் கைய வீசிட்டு வந்துட்டேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு மக்கா. அது ஆறாவது." என் முகத்தைப் பார்த்து, "நீ தவிச்சியா?" என்றார்.

"ம்."

"எத்தன நாளா?"

"இருவத்தெட்டு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எழுந்து கஞ்சியை ஊற்றி, என் பக்கம் தள்ளினார். "குடி. ஆறிரும்."

அடுத்த வெள்ளி எங்கள் புதுநன்மை. பிள்ளைகள் ஒவ்வொருவரும் வலப்பக்கம் அப்பா, இடப்பக்கம் அம்மாவோடு பீடத்துக்குப் போய் நன்மை வாங்க வேண்டும். என் முறை வந்தபோது அம்மா எழுந்தாள். அப்பா முழங்காலில் இருந்து எழவில்லை. அம்மா அவர் தோளைத் தொட்டாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கவுன் சரசரக்க, வலது கையை என்ன செய்வதென்று தெரியாமல் நடந்தேன். சாமியார் என் வலப்பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும்.

"பிள்ளையோட புதுநன்மை அன்னைக்கும் குடிச்சிருக்காரு. அதான் எந்திரிக்கல" என்று அம்மா முடிவு கட்டினாள். வருடக்கணக்கில் அதைச் சொல்லிக் காட்டினாள். அப்பா மறுத்ததே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. கேட்ட பாவத்தைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது என்ற பாவசங்கீர்த்தன ரகசியம் எனக்கும் உண்டு என்று நினைத்திருந்தேன். அம்மா இறக்கும் வரைக்கும் அவளுக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த வெள்ளி, ஏப்ரல் இருபத்தேழு, அப்பா என்னிடம் தாள் கேட்கவில்லை. வெறுங்கையோடு அந்த அறைக்குள் போனார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். மின்விசிறிச் சத்தத்துக்கு ஊடே அவர் குரல் கேட்டது. வார்த்தைகள் பிடிபடவில்லை, ஆனால் அது தமிழ். எங்கள் கடற்கரைத் தமிழ், கொஞ்சமும் நிறுத்தாமல். நடுவில் ஒரு முறை மூக்கை உறிஞ்சினார். ஒரு வார்த்தையும் விளங்காமல் அந்த வயதானவர் அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்த அப்பா, தூரத்திலிருந்தே ஒரு கையை விரித்துக் காட்டினார். பிறகு இன்னொரு கையின் ஒரு விரல். ஆறு.

அன்று நன்மை வாங்கினார்.

"என்ன அபராதம் குடுத்தாருப்பா?" என்றேன் நடந்து வரும்போது.

"என்னமோ சொன்னாரு. வெளங்கல. நானா ஒண்ணு போட்டுக்கிட்டேன்."

உங்களுக்கு நினைவிருக்கும், அப்போது கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசித்தான் ஊருக்கு அனுப்புவோம். எல்லோரும் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து, நான் ஒரு பாட்டுப் பாடி, அம்மா எல்லோரையும் விசாரித்து, ஒரு திருவிழாவாக நடக்கும். இந்த முறை அப்பா என்னை ரொட்டி வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வந்து கதவுக்கு வெளியே ரொட்டியோடு நின்றேன். ரெக்கார்டர் முகத்திலும் துளையிட்ட தட்டிதான் இருக்கும். அதன்முன் அவர் முழங்கால் போட்டிருப்பாரோ என்று நினைத்தேன். திறந்தபோது சாதாரணமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கேசட்டும் பழுப்புக் கவரும் லீவில் போகிற ஒருவர் கையில் போயின.

பதில் கேசட் வர ஜூலை ஆகிவிட்டது. அது ஒரு வெள்ளி மதியம், அம்மா இல்லை. வெளியே வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது. அப்பா என்னை வெளியே போகச் சொல்லவில்லை. "இரு" என்றார். பொத்தானை அழுத்தினார்.

முதலில் அலைச் சத்தம். பிறகு சித்தப்பா. மீன்பாடு, ஓலை மாற்றியது, யாருக்கோ கல்யாணம். குரல் நான் நினைத்து வைத்திருந்ததைவிட மெல்லியதாக இருந்தது. பிறகு:

"அண்ணே, நீ பேசுனதக் கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். சர்டிபிகேட் வந்துச்சு. ஏஜெண்டுகிட்டக் காட்டுனேன், இப்பப் படிச்சு வந்த பயலுவளத்தான் கேக்காங்களாம். இவ அத பிரேம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கா. சரி. பிள்ளைய நல்லாப் படிக்க வை."

அதன்பின் அலைச் சத்தம் கொஞ்சம். ஒரு நாய் குரைத்தது. டக் என்று அங்கே யாரோ நிறுத்திய ஒலி. பிறகு வெறும் நாடா ஓடும் இரைச்சல்.

பின்னாட்களில் அவர்கள் எத்தனையோ கல்யாணங்களில் அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சித்தப்பா வளைகுடா பக்கம் வரவே இல்லை. மன்னித்துவிட்டேன் என்ற சொல்லை அவர் அப்பாவிடம் எப்போதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் இருந்தபோது சொல்லவில்லை.

அன்று நான் கேசட்டை நிறுத்தக் கை நீட்டினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு மக்கா. இன்னும் இருக்கும்."

அந்தப் பக்கம் முடியும் வரைக்கும் இரைச்சல்தான். கேசட்டைத் திருப்பிப் போட்டார். மறுபக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லை. அவர் ரெக்கார்டர் பக்கம் காதைச் சாய்த்து, கண்ணை மூடி, முழுவதையும் கேட்டார். ஏசித் தண்ணீர் டின்னில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் எண்ணவில்லை.